கீதை கேட்டால் கதை வருகிறது

உ.வே.சா. என்று அடித்து என்டரைத் தட்டினேன். பொருந்தும் நூல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. எனக்கு இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில், 'என் சரித்திரம்' இரண்டு பதிப்புகளில் நிற்கிறது.

காவிரிக்கரை ஊர் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் பழைய நூலகம் இது. இழுப்பறைகளில் அட்டைகளாகக் கிடந்த பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். இப்போது வாசலோரம் ஒரு திரை, ஒரு விசைப்பலகை. யார் வேண்டுமானாலும் வந்து தேடலாம். தேடியது கிடைக்கவில்லை என்ற புகார்தான் நிறைய. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதும் உள்ளூர் இளைஞர் ஒருவர் இதைச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் வேலை பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நூலகர் அம்மா சொல்லியிருந்தார்.

"இப்ப ஒவ்வொரு புள்ளிக்கும் அப்புறம் இடம் விட்டு அடிச்சுப் பாருங்க சார்" என்றார் தம்பி.

உ. வே. சா. என்று அடித்தேன். இந்த முறை வந்து குவிந்தது. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களுக்கு நடுவே சா. கந்தசாமியின் நாவல்களும் வந்தன. இரண்டு தேடலுக்கும் என்ன வேறுபாடு? கண்ணுக்கு ஒன்றுமில்லை, இரண்டு வெற்றிடம். கணினிக்கு அதுதான் எல்லாம்.

தம்பி தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். தேடுபொறி எதுவும் நாம் கேட்ட பிறகு புத்தகம் புத்தகமாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொள்கிறது: இந்தச் சொல் இன்னின்ன பதிவுகளில் இருக்கிறது என்று. பழைய பதிப்புகளின் கடைசியில் அரும்பத அகராதி இருக்குமே, அந்த மாதிரி. அந்த அடைவுக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு வரியும் சொல் சொல்லாக வெட்டப்படுகிறது. நாம் தேடல் பெட்டியில் அடிப்பதும் அதே கத்தியால் வெட்டப்படுகிறது. இரு பக்கத்துத் துண்டுகளும் பொருந்தினால் விடை. வெட்டும்போது குறிகள் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். அடைவில் இல்லாத ஒன்றை எப்படிக் கேட்டாலும் கிடைக்காது.

எங்கே வெட்டுவது என்பதற்கு யூனிகோட் அமைப்பு ஒரு பொது விதி வைத்திருக்கிறது. இந்த நூலகத்தின் தேடலுக்கு அடியில் ஓடுவது லூசின். 1999இல் டக் கட்டிங் என்பவர் எழுதிய இலவச மென்பொருள். உலகில் பல தேடல் பெட்டிகளுக்கு அடியில் இதுவோ இதன் வாரிசோ இருக்கும். அது அந்த விதியைப் பின்பற்றுகிறது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியின்றி ஒரு முற்றுப்புள்ளி வந்தால் அங்கே வெட்டாதே என்பது விதி. ஆகவே உ.வே.சா என்பது ஒரே சொல். இடம் விட்டு எழுதினால் உ, வே, சா என மூன்று சொற்கள். அட்டையில் 'சாமிநாதையர், உ. வே.' என்று இடம் விட்டு இருந்ததால் முதல் தேடல் தோற்றது. மூன்று துண்டுகளாகக் கேட்டபோது 'சா' என்ற துண்டு உள்ள எல்லோரும் வந்து நின்றார்கள்.

தமிழ்நாட்டில் எழுத்தாளர்கள், தலைவர்கள், கட்சிகள் எல்லாமே தலைப்பெழுத்துகளில்தான் உயிர் வாழ்கின்றன. கு.ப.ரா., கி.ரா., தி.ஜா., க.நா.சு., மு.வ. என்று நாம் சொல்லும் பெயர்களில் பாதி புள்ளிகள். ஒருவர் இடம் விடுவார், ஒருவர் விடமாட்டார், இன்னொருவர் புள்ளியே வைக்காமல் திஜா என்று எழுதிவிட்டுப் போவார். பத்திரிகை அலுவலகங்களில் இதற்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு பிழைதிருத்துபவர்கள் காவல் காப்பார்கள். இணையத்தில் அந்தக் காவல் கிடையாது.

நூலகர் அம்மாவுக்கு இது ஒன்றும் புதிதல்ல. "அட்டை இருந்தப்ப இந்தத் தொல்லையே இல்ல சார். 'உ.வே.சா. — பார்க்க: சாமிநாதையர், உ.வே.'ன்னு ஒரு அட்டை எழுதிச் சொருகிடுவோம். அவ்வளவுதான்."

"அந்த 'பார்க்க' அட்டையெல்லாம் எங்க மேடம்?" என்றார் தம்பி.

"அதுல புத்தகமே இல்லையேன்னு டைப் பண்ண வந்தவங்க விட்டுட்டாங்க."

தம்பி ஒன்றும் பேசவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து நான் சுந்தர ராமசாமியைத் தேடினேன், தலைப்பை அச்சில் இருப்பது போலவே அடித்து: ஜே.ஜே: சில குறிப்புகள். வந்தவை மருத்துவக் குறிப்புகள், பயணக் குறிப்புகள், சமையல் குறிப்புகள். ஜே.ஜே. எங்கோ கீழே ஒதுங்கிக் கிடந்தார். காரணம் அந்த முக்காற்புள்ளி. லூசினுக்கு முக்காற்புள்ளி ஒரு கட்டளை. 'ஆசிரியர்:பாரதி' என்று கேட்டால் ஆசிரியர் என்ற கட்டத்தில் மட்டும் பாரதியைத் தேடு என்று அதற்குப் பொருள். ஆகவே 'ஜே.ஜே' என்று ஒரு கட்டம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குள் 'சில' என்ற சொல்லைத் தேடியிருக்கிறது. அப்படிக் கட்டமே இல்லை. மிச்சம் கிடந்தது 'குறிப்புகள்' மட்டும்.

இதே கதைதான் ஜெயகாந்தனுக்கும். 'யாருக்காக அழுதான்?' நூலைத் தேடி 'அழுதான்?' என்று மட்டும் கேள்விக்குறியோடு அடித்தால் வராது. குறியை எடுத்துவிட்டால் வரும். கேள்விக்குறிக்கு அங்கே 'இந்த இடத்தில் ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள். அழுதான் என்பதற்குப் பின் இன்னோர் எழுத்து உள்ள சொல்லை அது தேடுகிறது. சொல்லுக்கு முன்னால் ஒட்டி வரும் சிறு கோடு இன்னும் ஆபத்து. 'பாரதி -கவிதைகள்' என்று அடித்தால் கவிதைகள் என்ற சொல் உள்ள எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கொடுக்கும். கூகிளிலும் கழித்தல் குறி அப்படித்தான். கூட்டல் குறிக்கும் ஒரு காலத்தில் கூகிளில் வேலை இருந்தது, இந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று. 2011இல் அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு தங்கள் சமூக வலைத்தளத்துக்குக் கூகிள் பிளஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தளமும் இப்போது இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயங்கள், வினாவை அனுப்பும் முன் குறிகளைத் துடைத்துவிட்டால் தீரும் என்றார் தம்பி. பெரிய விஷயம் உள்ளே இருக்கிறது என்று சொல்லி, வாசல் திரையில் 'கீதை' என்று அடித்தார்.

கதை வந்தது. சிறுவர் கதை, நாட்டுப்புறக் கதை, ஒரு ஊரின் கதை, பட்டினத்தார் கதை. பக்கம் பக்கமாகக் கதை. பகவத் கீதை உரைகளும் ஊடே இருந்தன. 'நீலம்' என்று அடித்தார். 'உடல் நலம்', 'தாய்சேய் நலம்' வந்தன. 'வீரம்' கேட்டால் 'வரம்'. நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நான் இதுவரை பார்த்த தேடல் கோளாறுகளிலேயே இதுதான் அலாதியானது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய மொழிகளில் எழுத்துகளின் தலையில் சிறு கோடு, கொக்கி, இரட்டைப் புள்ளி எல்லாம் வரும். பிரெஞ்சுக்காரர் 'கஃபே' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் ஒரு சாய்கோடு போடுவார். தேடுகிறவர் அதைப் போடமாட்டார். இரண்டும் பொருந்த வேண்டும் என்பதற்காக நிரலாளர்கள் கையில் ஒரு சுருக்குவழி உண்டு. முதலில் ஒவ்வோர் எழுத்தையும் அடிப்படை எழுத்து, அதன் மேல் ஏறிய குறி எனப் பிரி. பிறகு குறிகளையெல்லாம் வீசு. எது குறி என்று எப்படித் தெரியும்? யூனிகோட் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. தனக்கென்று இடம் எடுத்துக்கொள்ளாமல் முன் எழுத்தின் மேல் ஏறிக்கொள்ளும் குறி என்பது அதில் ஒரு வகை. அந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் நீக்கு என்று இரண்டு வரி நிரல். எல்லோரும் எடுத்து ஒட்டிக்கொள்ளும் இரண்டு வரி.

தமிழில் அந்த வகையில் விழுபவை எவை? மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி ஒன்று. ஈகாரத்தின் சுழி இன்னொன்று. மற்ற உயிர்க்குறிகள், அதாவது கால், கொம்பு, குறில் இகரத்தின் கொக்கி, உகரக் கீற்று எல்லாம், இடம் எடுத்துக்கொள்ளும் குறிகள் என்ற வேறு வகையில் இருக்கின்றன. ஆகவே அந்த இரண்டு வரி நிரலுக்குள் போன தமிழ்ச் சொல் புள்ளிகளையும் ஈகாரங்களையும் மட்டும் இழந்து வெளியே வரும். கீதை, கதை ஆகும். வீடு, வடு ஆகும். கீரை கரையாகும், சீனி சனியாகும். நீலம், நலம் இரண்டும் 'நலம' என்று ஒன்றாகிவிடும். கி என்று இருந்தால் தப்பிக்கும், கீ என்றால் மாட்டும். இந்த வினோதத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எழுத்தின் வடிவம் மேலே ஏறியிருக்கிறதா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று யாரோ பார்த்து வகை பிரித்தார். வேறு யாரோ அந்த வகையை 'தேவையில்லாத குறி' என்று எடுத்துக்கொண்டார்.

முன்பு வேலை செய்த நிறுவனம் அந்த இரண்டு வரியை அப்படியே ஒட்டியிருந்தது. ஆங்கிலப் புத்தகங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தச் சுருக்குவழியே தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்க நூலகங்களின் பட்டியல்களில் தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் பதிவார்கள். ழகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு, ளகரத்துக்கு அடியில் ஒரு புள்ளி, நெடிலுக்கு மேல்கோடு. சாதாரண விசைப்பலகையில் இவற்றை யார் அடிப்பார்கள்? குறிகளை உதிர்த்துத் தேடுவதால்தான் அந்தப் பட்டியல்களில் நமக்குப் புத்தகம் கிடைக்கிறது. அங்கே ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிப் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். உதிர்ந்தவை ஒலியைக் காட்டப் போட்ட கூடுதல் குறிகள். இங்கே உதிர்ந்தது எழுத்தின் பாதி.

அறையில் இன்னொருவரும் இருந்தார். கணினி அறிவியல் இரண்டாமாண்டு படிக்கும் பெண். விடுமுறையில் பதிவேட்டு வேலைக்கு வருகிறார். "அண்ணா, பைத்தான்லயும் இப்படி ஒண்ணு ஆச்சு. சொற்களைப் பிரிக்கச் சொன்னா வீடுங்கிறதை வ, ட ன்னு ரெண்டாப் போடுது" என்றார். தம்பி சிரித்துவிட்டுச் செய்து காட்டினார். பைத்தானில் 'சொல்லெழுத்து' என்பதற்கு ஒரு சுருக்கக் குறியீடு உண்டு. எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் அதில் அடக்கம். உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் இல்லை. ஆக ஒவ்வொரு கொம்பிலும் காலிலும் சொல் முறிகிறது. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று வருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதே குறியீடு ஆங்கில எழுத்துகளுக்கு வெளியே எதையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. தமிழில் சொல் எண்ணும் கருவிகள் சில ஏன் தாறுமாறான கணக்குக் கொடுக்கின்றன என்பதற்கு இது போதும்.

அந்தப் பெண்ணுடைய சொந்தத் தொல்லை வேறு. அவருக்குப் பாடம் சி++. அதில் வரும் :: என்றால் என்ன, ?: என்றால் என்ன, <=> என்றால் என்ன என்று இணையத்தில் தேட வேண்டும். குறியை மட்டும் தேடல் பெட்டியில் போட்டால் ஒன்றும் வராத காலம் ஒன்று இருந்தது. இப்போது சிலவற்றுக்கு விடை வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை. மேற்கோள் குறிக்குள் அடைத்தால் அப்படியே தேடும் என்று பலரும் நம்புகிறார்கள். மேற்கோள் சொற்களின் வரிசையைத்தான் காக்கும். அடைவு தயாரானபோதே உதிர்ந்துபோன குறியை அது எங்கிருந்து கொண்டுவரும்?

சி++, சி# போன்றவை பெரிய தேடுபொறிகளில் ஒழுங்காகக் கிடைக்கின்றன. அவற்றைச் சொற்களாகவே நடத்த ஏற்பாடு இருக்கிறது. நம் நூலகத்துப் பெட்டியில் அந்த ஏற்பாடு இல்லை. சி++ நூல் கேட்டால் சி என்ற ஒற்றை எழுத்து உள்ள எல்லாம் வரும், சி. சு. செல்லப்பா உள்பட. ஆங்கிலத்தில் ஏடி&டி என்று எழுதும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெயர் இந்த வெட்டலில் இரண்டாகும்; முன்பாதியான 'அட்' ஆங்கிலத்தில் சாதாரண இடைச்சொல் என்பதால், அடிக்கடி வரும் சொற்களை விலக்கும் பட்டியலில் சிக்கி அதுவும் போய்விடும். ஒற்றை 'டி' மிஞ்சும்.

"குறியைத் தேடாதம்மா, குறியோட பேரைத் தேடு" என்றார் தம்பி. ?: என்பதற்கு டெர்னரி ஆபரேட்டர் என்று பெயர். :: என்பதற்கு ஸ்கோப் ரெசல்யூஷன். <=> என்பதற்கு விண்கல ஆபரேட்டர்; பெர்ல் மொழியில் வழங்கிய பெயர், சி++ 2020 பதிப்பில் குறியோடு சேர்ந்து வந்துவிட்டது. பைத்தான் 3.8இல் வந்த := குறிக்கு வால்ரஸ், கடல்யானை. கண்ணும் தந்தமும் போலத் தெரிகிறதாம். நிரலாளர்கள் விளையாட்டுக்கு வைத்த பெயர்கள் மாதிரித் தெரிந்தாலும் தேடுகிறவனுக்கு அவைதான் பிடி. பெயர் தெரியாதவர் குறியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ வாயால் சொல்வது போல அடித்துப் பார்க்கலாம், 'இரண்டு கோலன் சி++' என்று. யாராவது அதே மாதிரி வாயால் கேட்டிருப்பார்கள்.

பிஎச்பி மொழியில் :: குறியைத் தப்பான இடத்தில் போட்டால் வந்த பிழைச் செய்தி பல ஆண்டுகளாக 'பாமாயிம் நெகுடோதாயிம்' என்று ஒரு சொல்லைக் காட்டியது. அந்த மொழியின் உள்பொறியை எழுதிய இருவரும் இஸ்ரேலியர்கள். எபிரேயத்தில் இரட்டை முக்காற்புள்ளிக்கு உள்ள பெயரை அப்படியே போட்டிருக்கிறார்கள். உலகமே திட்டியது. ஆனால் அந்தச் சொல்லை எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் உடனே விடை கிடைத்தது. வெறும் :: என்று செய்தி வந்திருந்தால் அந்தக் காலத்தில் யாருக்கும் எதுவும் கிடைத்திருக்காது. எனக்கு அந்த இருவர் மேல் கோபம் இல்லை.

நிரல்களுக்குள்ளேயே தேடுவது வேறு ரகம். அங்கே குறிதான் சரக்கு. 2006இல் கூகிள் கோட் சர்ச் என்று ஒன்று வந்தது. சொல்லாக வெட்டாமல் மும்மூன்று எழுத்தாக அடைவு தயாரிப்பது அதன் உத்தி. எழுத்தோ குறியோ வெற்றிடமோ, அடுத்தடுத்த எந்த மூன்றும் ஒரு பதிவு. எதுவும் உதிராது. 2012 தொடக்கத்தில் அதை மூடினார்கள். மூடிய கையோடு, அதைக் கட்டிய ரஸ் காக்ஸ் உத்தி முழுவதையும் எழுதி வெளியிட்டார். டெபியன் நிரல்தொகுப்பின் தேடல் அந்த வழியில் வந்தது. கிட்ஹப் தளம் பல காலம் குறிகளை உதறிவிட்டுத்தான் தேடியது. 2023இல் எழுத்துத் துண்டு அடைவுக்கு மாறியபின் அங்கே அடைப்புக்குறியையும் தேடலாம். எல்லாத் தேடலையும் இப்படியே செய்தால் என்ன என்று கேட்டேன். அடைவு ஊதிப் பெருகும், சாதாரண வாசகர் காற்புள்ளி ஒன்று விட்டுப்போனதற்காகப் புத்தகத்தைத் தவறவிடுவார் என்றார் தம்பி.

முகவரிப் பட்டையில் நேராக அடிப்பவர்களுக்கு இன்னொரு குழி. தம்பி தேடல் முகவரியின் கடைசியில் சி# என்று கையால் எழுதி அனுப்பினார். சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது சி மட்டும். இணைய முகவரியில் # குறிக்குப் பின்னால் உள்ளது உலாவியோடு நின்றுவிடும். பக்கத்தில் எந்த இடத்துக்கு இறங்க வேண்டும் என்று காட்டத்தான் அது. சி++ என்று எழுதினால் சியும் இரண்டு வெற்றிடமும் போகும், ஏனென்றால் அங்கே கூட்டல் குறி வெற்றிடத்துக்கு நிற்கிறது. & வந்தால் அதோடு கேள்வி முடிந்தது, அடுத்த கட்டம் தொடங்குகிறது. இவற்றை மாற்றுடையில் அனுப்ப வேண்டும்: # என்பதற்கு %23, & என்பதற்கு %26. பெட்டியில் அடித்தால் உலாவியே மாற்றிக்கொள்ளும்.

மதியத்துக்குமேல் அலமாரிகளுக்குள் போனோம். பழைய நூல்களின் முதுகில் மங்கிய மையில் கோலன் பகுப்பு எண்கள். கோலன் பகுப்பைத் தந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் 1892இல் பிறந்தவர், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டபோது, பொருளின் கூறுகளைக் கோக்கும் கண்ணியாக முக்காற்புள்ளியை வைத்தார், பெயரும் அதிலிருந்துதான். பிந்தைய பதிப்புகளில் ஒவ்வொரு வகைக் கூறுக்கும் ஒரு தனிக் குறி வந்தது.

நூலகப் படிப்பில் எல்லோரும் பார்த்திருக்கும் ஓர் எடுத்துக்காட்டை நூலகர் அம்மா காகிதத்தில் மனப்பாடமாக எழுதினார். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: எல்,45;421:6;253:எஃப்.44'என்5. எல் என்றால் மருத்துவம். காற்புள்ளிக்குப் பின் எந்த உறுப்பு: 45, நுரையீரல். அரைப்புள்ளிக்குப் பின் 421, காசநோய். முக்காற்புள்ளிக்குப் பின் செயல்: 6, சிகிச்சை. மறுபடி அரைப்புள்ளி, 253, எக்ஸ்ரே. மறுபடி முக்காற்புள்ளி, எஃப், ஆய்வு. முற்றுப்புள்ளிக்குப் பின் இடம்: 44, இந்தியா. மேலே ஒற்றைக் குறிக்குப் பின் காலம்: என்5, 1950. இந்தியாவில் 1950இல் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றிய ஆய்வு, ஒரே வரியில்.

கணினிப் பட்டியலில் அந்த எண்களின் கதியைப் பார்த்தோம். எழுத்தும் எண்ணும் தவிர மற்றதெல்லாம் துடைத்து ஒட்டவைத்திருந்தார்கள். 45;421 என்பதும் 454;21 என்பதும் ஒன்று. எது இடம், எது காலம், எது நோய் என்று பிரிக்க வழியில்லை. நல்லவேளையாக மூல எண் வேறொரு பத்தியில் கெடாமல் இருந்தது. "இந்தக் கட்டத்தை வெட்டவே கூடாது மேடம். அப்படியே முழுசா ஒரே சொல்லா வெச்சுடறேன்" என்றார் தம்பி. முன்பாதியை அடித்தாலும் பின்பாதி வரும்படி செய்ய முடியுமா என்று அம்மா கேட்டார். முடியும் என்றார்.

சுவடி அறையில் இருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார், "தம்பி, இந்த மேற்படிக் குறியைப் போட்டா ஏன் வரமாட்டேங்குது?" பழைய பத்திரங்களில் மேற்படி என்பதற்கு ௸ என்று ஒரு சுழி போடுவார்கள். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. இவை 2003இலேயே யூனிகோடில் வந்துவிட்டன, கைப்பேசியிலும் தெரிகின்றன. ஆனால் வகை 'பிற சின்னம்', எழுத்து அல்ல. ஆகவே வெட்டும்போது உதிரும். தமிழ் எண்களுக்கு நடப்பது அதைவிட மோசம். 1887ஐப் பழைய முறையில் ௲௮௱௮௰௭ என்று எழுதுவார்கள். அதில் ௮, ௭ போன்றவை இலக்கங்கள், தங்கும். ஆயிரம், நூறு, பத்து என்ற மூன்று குறிகளும் இலக்கமாகவோ எழுத்தாகவோ சேர்த்தி இல்லை, விழும். மிஞ்சுவது தனித்தனியாக எட்டு, எட்டு, ஏழு. பெரியவர் ஒரு பத்திரத்தைத் தேடி அலைந்தது இதனால்தான். முந்திரி, காணி போன்ற பின்னக் குறிகளும் 2019இல் யூனிகோடில் ஏறின. அவற்றை அடிக்கக்கூடிய விசைப்பலகை அந்த அறையில் யாரிடமும் இல்லை.

குறிக்குப் பதில் சொல் என்று ஒரு சிறு அட்டவணை போட்டார் தம்பி: ௸ வந்தால் மேற்படி, ௵ வந்தால் வருடம், பழைய எண்கோவை வந்தால் இன்றைய இலக்கத்தில் ஆண்டு. மூலப் பதிவில் கை வைக்காமல் அடைவில் மட்டும் கூடுதலாக ஏற்றுவது. தலைப்பெழுத்துகளுக்கும் அதே வழி: உ.வே.சா, உ வே சா, உவேசா மூன்றும் ஓரிடத்துக்கு வரும்படி. நூலகர் அம்மாவின் பழைய 'பார்க்க' அட்டைகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்து கிடைத்தன. அவை அப்படியே உள்ளே போகின்றன. குறி உதிர்க்கும் இரண்டு வரி நிரல் இனி ரோமன் எழுத்துக்கு மட்டும்.

அடைவை மறுபடி ஓடவிட்டதும் கீதைக்குக் கீதை வந்தது. ஸ்ரீரங்கம் தகராறு செய்தது. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே வடிவம், உள்ளே வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருது என்று ஒரு வரி எழுதி முடித்தார். க்ஷ எழுதும் இடங்களில் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பிரிப்பான்களுக்கும் ஒரு வரி.

ஒன்று மட்டும் வரியில் அடங்கவில்லை. ஔவையார் என்று தேடினால் பாதி நூல்கள்தான் வருகின்றன. மீதியில் ஒகரமும் ளகரமும் சேர்த்து ஒளவையார் என்று அடித்திருக்கிறார்கள். பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். அங்கிருந்து மாற்றியதில் தங்கிவிட்டது. கெளரி, வெளவால் என்று அதன் உறவினர்களும் இருக்கிறார்கள். ஒள வந்தால் ஔ ஆக்கு என்று உத்தரவு போட்டால் ஒளியும் ஒளிவும் கெட்டுப்போகும். ளகரத்தின் மேல் குறி எதுவும் இல்லாதபோது மட்டும் மாற்றலாம் என்று தம்பி யோசித்தார், ஓட்டிப் பார்த்தார், பட்டியலை அச்செடுத்தார். ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது என்று அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டார். "ஒ வரிசையிலேர்ந்து ஆரம்பிக்கலாம் தம்பி. வெளவால், கெளரியெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்."